'மௌனம்' நாவலை முன்வைத்து இறையியல் பேசுவது எப்படி: வாசிப்புக் குழு நடத்துவோருக்கு

வேதபாட வகுப்பில் ஒருவர் "கடவுள் ஏன் பதில் சொல்வதில்லை?" என்று கேட்டால், அந்தக் கேள்வி அரை நிமிடம்கூட அறையில் நிற்பதில்லை. யாராவது யோபுவின் புத்தகத்தையோ ரோமர் எட்டாம் அதிகாரத்தையோ புரட்டிவிடுவார், வசனம் வாசிக்கப்படும், கேட்டவர் தலையாட்டுவார், வகுப்பு அடுத்த பகுதிக்கு நகர்ந்துவிடும். வசனத்தில் குறையில்லை. கேட்டவருக்கு அந்த வசனம் முன்பே மனப்பாடம் என்பதும், மனப்பாடமாக இருந்தும்தான் கேட்டார் என்பதும் கவனிக்கப்படாமல் போகின்றன. நாவல் ஒன்றை நடுவில் வைத்துப் பேசும்போது இந்த அவசரத்துக்கு இடமிருப்பதில்லை. கதாபாத்திரத்துக்கு வசனம் சொல்லி அவன் துன்பத்தை முடித்துவைக்க நம்மால் இயலாது. அடுத்த பக்கத்திலும் அவன் துன்பப்பட்டுக்கொண்டுதான் இருப்பான்.

எட்டு முதல் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழு ஆறு வாரங்களில் ஒரே நாவலை வாசித்து, அதன் வழியாக இக்காலக் கிறிஸ்தவ விசுவாசத்தின் கடினமான கேள்விகளைப் பேசுவதற்கான வழிமுறையே இங்கு சொல்லப்படுகிறது. எடுத்துக்காட்டு, ஜப்பானியக் கத்தோலிக்க எழுத்தாளர் எண்டோ ஷுசாகு 1966-இல் வெளியிட்ட 'மௌனம்'. இந்நாவலை வைத்து இருமுறை குழு நடத்தியிருக்கிறேன். முதல் முறை இரண்டாம் வாரத்திலேயே அதைக் கெடுத்துக்கொண்டேன். ஆகையால் கீழே சொல்லப்படுபவற்றுள் பாதி அந்தத் தவறிலிருந்து கற்றவை.

தொடங்குமுன் வரும் ஆட்சேபம்

கதைப் புத்தகத்துக்குத் திருச்சபையில் என்ன வேலை என்று மூப்பர் ஒருவராவது கேட்பார். அவருக்கு இலக்கியத்தின் பெருமையைச் சொல்லிப் பயனில்லை. வேதாகமத்தையே திறந்து காட்டுவது நல்லது. யோனாவின் புத்தகம், நினிவேக்காகத் தாம் பரிதபியாமல் இருக்கலாமா என்று கர்த்தர் கேட்கும் கேள்வியோடு நின்றுவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதப்படவில்லை. கெட்ட குமாரன் உவமையில் மூத்த மகன் வீட்டுக்கு வெளியே நிற்கிறான். தகப்பன் வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா என்பதை லூக்கா சொல்வதில்லை. மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் 16-ஆம் அதிகாரத்தின் 8-ஆம் வசனத்தோடு, பெண்கள் பயந்து ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் போனதோடு முடிகின்றன. இந்த மூன்று இடங்களையும் முதல் சந்திப்பில் சேர்ந்து வாசித்துவிட்டால், முடிவு சொல்லாத கதை வேதத்துக்கு அந்நியமில்லை என்பது விளங்கிவிடும். அதோடு, பின்னால் நாவலின் முடிவைப் பார்த்துக் குழு எரிச்சலடையும் நாளில் திரும்பிச் சுட்டிக்காட்டவும் இவை உதவும்.

நூலைத் தேர்ந்தெடுத்தல்

கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் 'விசுவாச நாவல்' என்று கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை இப்பணிக்கு உதவா. முதல் பக்கத்தில் சந்தேகிப்பவனாக அறிமுகமாகிறவன் கடைசிப் பக்கத்தில் மனந்திரும்புவான் என்பது முப்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டால், அங்கே பேசுவதற்கு ஒன்றுமில்லை. நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: ஆசிரியர் தமக்கு ஒவ்வாத கருத்தைச் சொல்லும் பாத்திரத்துக்கு வலுவான வாதத்தைக் கொடுத்திருக்கிறாரா? தஸ்தயேவ்ஸ்கி விசுவாசி; ஆயினும் 'கரமாஸவ் சகோதரர்கள்' நாவலில் குழந்தைகளின் துன்பத்தைக் காட்டிக் கடவுளின் உலகத்துக்கான அனுமதிச்சீட்டைத் திருப்பித் தருவதாகச் சொல்லும் இவானின் வாதம், அதற்கு மறுமொழியாக வரும் எந்தப் பிரசங்கத்தையும்விட நெஞ்சில் தைக்கிறது. தாம் எழுதிய மறுமொழி போதுமானதாக இருக்குமா என்று அவரே கடிதங்களில் கவலைப்பட்டிருக்கிறார். அந்தக் கவலை உள்ள ஆசிரியரின் நூலே நமக்கு வேண்டும்.

கிருபையையும், யார் மீட்படைவார் என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்னும் முன்குறித்தலையும் பற்றிப் பேச விரும்பும் குழுவுக்கு மேரிலின் ராபின்சனின் 'கிலியட்' பொருந்தும். முதிய போதகர் ஒருவர் தம் ஏழு வயது மகனுக்கு எழுதும் நீண்ட கடிதமாக அது அமைந்திருக்கிறது. சபை என்பது ஊராகவும் உறவாகவும் சாதியாகவும் இயங்குவதைப் பார்க்க விரும்பினால் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) போதும். பனைவிளைகளுக்கு நடுவே வாழும் கிறிஸ்தவக் குடும்பத்து லிஸிக்கும் பனையேறியின் மகன் தங்கராஜுக்கும் இடையே நிற்கும் தடையைப் பற்றி அந்த நாவல் பிரசங்கம் செய்வதில்லை. ஒரே சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கிடையே அந்தத் தடை எப்படி நின்றது என்பதை வாசகரே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் 'மௌனம்' நாவலுக்குத் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம், அதன் பக்க அளவு குறைவு, கேள்வி பெரிது. வில்லியம் ஜான்ஸ்டனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1969-இல் வந்தது. ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படுவோர் குழுவில் இருந்தால், முக்கியமான காட்சிகளை நடத்துபவரே முன்கூட்டித் தமிழில் எழுதிவந்து உரக்க வாசிக்கலாம். இதற்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஆனால் மொழிபெயர்த்துப் பார்த்தவருக்கே அந்தக் காட்சி முழுதாகப் பிடிபடுகிறது.

பின்னணி: அரை மணி நேரம் போதும்

பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர் நடுவே ஊழியம் செய்தவர் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். அதே சவேரியார் 1549-இல் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார் என்பதிலிருந்து தொடங்கினால் நாவலின் உலகம் தூரத்து உலகமாகத் தோன்றாது. 1614-இல் தோக்குகாவா ஆட்சி கிறிஸ்தவத்தைத் தடைசெய்தது. 1637-38-இல் ஷிமபாராவில் எழுந்த கிளர்ச்சிக்குப் பின் ஒடுக்குமுறை இன்னும் கடுமையாயிற்று. சந்தேகத்துக்கு உள்ளானவர்கள், கிறிஸ்துவின் அல்லது மரியாளின் உருவம் பதித்த 'ஃபுமியே' என்னும் பலகையைக் காலால் மிதிக்க வேண்டும், தயங்கினால் சித்திரவதை. இயேசு சபைத் தலைவர்களுள் ஒருவரான கிறிஸ்தோவாவ் ஃபெரைரா 1633-இல், குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டு, விசுவாசத்தை மறுதலித்தார். இவை வரலாறு. ஃபெரைராவைத் தேடிவரும் இளங்குரு ரோட்ரிகஸ், ஜூசெப்பே கியாரா என்ற உண்மையான குருவை ஒட்டிப் படைக்கப்பட்ட பாத்திரம்.

இதற்குமேல் பின்னணி சொல்லத் தொடங்கினால் கூட்டம் விரிவுரையாகிவிடும். பிறகு யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். ஓரியூரில் 1693-இல் தலை வெட்டுண்ட அருளானந்தர், 1752-இல் சுட்டுக்கொல்லப்பட்டு 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் என்று நாம் கேட்டு வளர்ந்த மறைசாட்சிகளின் கதைகள் எல்லாம் உறுதியாக நின்றவர்களின் கதைகள். நிற்க முடியாமல் போனவர்களுக்கு நம்மிடம் கதையில்லை. 'மௌனம்' அவர்களைப் பற்றியது. இதைக் கேட்டதும் குழுவில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்வார். அவரைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாசிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது

இறையியலில் ஆர்வமுள்ளவர்கள் நாவலை வாசிக்கும்போது உரையாடல்களை மட்டும் அடிக்கோடிடுவார்கள். கதை யார் வாயால் சொல்லப்படுகிறது என்பதையும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். 'மௌனம்' நாவலின் தொடக்க அத்தியாயங்கள் ரோட்ரிகஸ் எழுதும் கடிதங்கள். அங்கே 'நான்' என்ற குரல் நம்பிக்கையோடு ஒலிக்கிறது. அவர் பிடிபட்டதும் கடிதங்கள் நின்று, 'அவர்' என்று பேசும் கதைசொல்லி வருகிறார். கடைசிப் பகுதியில் டச்சு வணிக நிலைய எழுத்தர் ஒருவரின் நாட்குறிப்பும், பிற்சேர்க்கையாகக் கிறிஸ்தவர்களைக் காவலில் வைத்திருந்த இல்லத்து அதிகாரியின் குறிப்புகளும் வருகின்றன. அவற்றில் ரோட்ரிகஸ் ஜப்பானியப் பெயர் சூட்டப்பட்ட ஒரு கைதி, அவ்வளவே. ஒரு மனிதனின் உள்ளத்துக்குள் இருந்து தொடங்கும் நாவல் அவனை விட்டு விலகி விலகி, இறுதியில் அலுவலகக் கோப்பில் ஒரு வரியாக அவனை விட்டுவிடுகிறது. கடவுளின் மௌனத்தைப் பற்றிய நாவலில் பாத்திரத்தின் குரலும் இப்படி அடங்கிப்போவதை வெறும் உத்தி என்று நான் நினைக்கவில்லை. அவனுடைய விசுவாசம் என்ன ஆயிற்று என்பதை வெளியிலிருந்து பார்க்கிற நம்மால் அறிய முடியாத இடத்தில் ஆசிரியர் நம்மை நிறுத்துகிறார்.

பிற்சேர்க்கையைப் பலரும் தாண்டிவிடுவார்கள், தாண்டவிடாதீர்கள். அதற்கு முந்தைய பகுதியோடு நிறுத்துகிறவருக்கு ஓர் ஆறுதல் கிடைக்கிறது. பிற்சேர்க்கையையும் வாசிக்கிறவருக்கு அந்த ஆறுதல் ஆட்டம் காண்கிறது. இந்த இரு வாசிப்புகளுக்கும் இடையிலேயே ஐந்தாம் வாரத்தின் உரையாடல் முழுவதையும் நடத்தலாம்.

மார்ட்டின் ஸ்கார்செஸி 2016-இல் எடுத்த திரைப்படத்தை ஆறு வாரமும் முடியும் வரை யாரும் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். படம் நல்ல படமே. ஆனால் கடைசிக் காட்சியில் ரோட்ரிகஸின் கையில் ஒரு சிறு சிலுவையைக் காட்டி, நாவல் திறந்து வைத்த கதவைச் சாத்திவிடுகிறது. படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் விடை தெரிந்தவராகப் பேசத் தொடங்குவார்.

ஒரே காட்சியில் ஒரு மாலை

நான்காம் வாரத்தில் ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரமும் அதிலேயே தங்குவது என் வழக்கம். ரோட்ரிகஸ் இருட்டறையில் அடைக்கப்பட்டிருக்கிறார். சுவரைத் தடவும்போது யாரோ செதுக்கிய இலத்தீன் எழுத்துகள் விரலில் தட்டுப்படுகின்றன: 'அவரைத் துதியுங்கள்'. வெளியே ஒரு குறட்டைச் சத்தம் கேட்கிறது. தம் மரணத்துக்கு முந்தைய இரவென்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் காவலன் குடித்துவிட்டுக் குறட்டை விடுகிறானே என்று அவருக்கு எரிச்சலும் சிரிப்பும் வருகின்றன. பிறகு ஃபெரைரா வந்து சொல்கிறார்: அது குறட்டையன்று, குழிகளில் தலைகீழாகத் தொங்கும் விவசாயிகளின் முனகல். அவர்கள் ஏற்கெனவே மறுதலித்துவிட்டவர்கள். ஆனால் குருவானவர் பலகையை மிதிக்கும் வரை இறக்கப்படமாட்டார்கள். சுவரில் அந்த எழுத்துகளைச் செதுக்கியவர் ஃபெரைராதான். விடியற்காலையில் பலகை கொண்டுவரப்படுகிறது. தேய்ந்துபோன அந்த முகம் தன்னை மிதிக்கச் சொல்வதாக ரோட்ரிகஸ் கேட்கிறார், கால் வைக்கிறார், தூரத்தில் சேவல் கூவுகிறது.

இந்தக் காட்சியை இருமுறை உரக்க வாசியுங்கள். பிறகு கேட்கும் கேள்விகளின் வரிசை முக்கியம். முதலில் காதுக்குக் கேட்டதைப் பற்றிக் கேளுங்கள்: குறட்டை என்று நினைத்தபோது அவர் என்ன உணர்ந்தார், முனகல் என்று தெரிந்ததும் எதை நினைத்து வெட்கப்பட்டார்? அடுத்து, அவர் கேட்ட குரல் யாருடையது? கிறிஸ்துவினுடையது என்றால் பேதுருவின் மறுதலிப்பை நினைவூட்டும் சேவல் ஏன் கூவுகிறது? அவருடைய மனமே உண்டாக்கிய குரல் என்றால் அந்தக் குரலில் அவ்வளவு இரக்கம் எங்கிருந்து வந்தது? நாவல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது, எதையும் உறுதி செய்வதில்லை. அவர் செய்தது சரியா தவறா என்ற கேள்வியை நீங்களாக எழுப்ப வேண்டாம். நான் முதல் முறை இரண்டாம் வாரத்திலேயே அதைக் கேட்டுவிட்டேன். குழு பத்து நிமிடத்தில் இரு கட்சியாகப் பிரிந்தது. அதன் பிறகு ஒவ்வொருவரும் தம் கட்சிக்குச் சான்று தேடுவதற்காக மட்டும் நாவலைப் புரட்டினார்கள்.

இறையியலாளர்களை எப்போது அழைப்பது

காட்சியைப் பேசி முடித்த பிறகுதான், அதுவும் ஒரு கூட்டத்துக்கு ஒருவர் என்ற அளவில். 'மௌனம்' நாவலுக்கு மிக அருகில் இருப்பவர் ஜப்பானிய லுத்தரன் இறையியலாளர் கிட்டாமோரி கஸோ. 'கடவுளின் வேதனையின் இறையியல்' என்ற அவருடைய நூல் 1946-இல், தோற்றுச் சிதைந்த ஜப்பானில் வெளிவந்தது. ஜெர்மனியில் ஹிட்லரை எதிர்த்த போதகர் போன்ஹோஃபர் 1944 ஜூலையில் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், துன்பப்படும் கடவுளால் மட்டுமே உதவ முடியும் என்றார். போர்க்கைதியாக இருந்து விசுவாசத்துக்கு வந்த ஜெர்மானிய இறையியலாளர் மோல்ட்மன் 1972-இல் 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' நூலில் அதை விரித்தெழுதினார். பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தில் கிறிஸ்து தம்மை வெறுமையாக்கினார் என்று பவுல் எழுதுவதை இவர்கள் எவ்வளவு தூரம் கொண்டுபோகிறார்கள் என்று காட்டிவிட்டு, மறுபக்கத்தையும் வையுங்கள்: துன்பப்படுவதோடு நின்றுவிடும் கடவுளால் குழியில் தொங்குகிறவனுக்கு என்ன பயன்? இந்தக் கேள்வியை எழுப்புகிறவர் விசுவாசம் குறைந்தவர் அல்லர். கடவுள் துன்பத்துக்கு உட்படாதவர் என்பது திருச்சபையின் பழைய போதனை.

கிச்சிஜிரோ என்ற பாத்திரத்துக்குத் தனியாக ஒரு வாரம் கொடுங்கள். குடிகாரன், கோழை, பலகையை மிதிப்பான், காட்டிக்கொடுப்பான், பிறகு குருவைத் தேடிவந்து பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று அழுவான், மறுபடியும் மிதிப்பான். கி.பி. 250-இல் தேசியஸ் பேரரசன் காலத்து ஒடுக்குமுறையில் உரோமைத் தெய்வங்களுக்குப் பலியிட்டு உயிர் தப்பியவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கார்த்தேஜ் திருச்சபை, ஆயர் சிப்ரியான் காலத்தில், பிளவுபடும் அளவுக்கு வாதிட்டது. அந்தப் பழைய வாதத்தை நாவலுக்குப் பின் வாசித்தால் ஆவணத்தில் உள்ள பெயர்களுக்கு முகம் வந்துவிடுகிறது. 'நான் பலவீனனாகப் பிறந்தவன், வேறொரு காலத்தில் பிறந்திருந்தால் நல்ல கிறிஸ்தவனாக இருந்திருப்பேன்' என்ற பொருளில் அவன் புலம்புவதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் பிறகு சிரித்ததற்காக வருந்துகிறவர்கள் உண்டு.

தமிழ்க் குழுவுக்கு இன்னும் ஒரு வாயில் இருக்கிறது. ஜப்பான் ஒரு சேற்று நிலம், நட்ட செடியின் வேர் அழுகிவிடும், அங்குள்ளவர்கள் வணங்கியது நம் கடவுளையே அன்று என்கிறார் ஃபெரைரா. சவேரியார் தொடக்கத்தில் கடவுளைக் குறிக்க 'தைநிச்சி' என்ற பௌத்தப் பெயரை எடுத்துப் பிறகு கைவிட்டார் என்பது வரலாறு. நம்மிடம் சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று சொற்கள் மாறி மாறி வந்திருக்கின்றன; மதுரைக்கு 1606-இல் வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு தெ நோபிலியின் வேட்டியும் குடுமியும் உரோமை வரை வழக்காகப் போயின. எண்டோ தம் விசுவாசத்தைத் தாய் அணிவித்த, உடம்புக்குப் பொருந்தாத மேல்நாட்டு உடை என்று சொன்னவர். ஃபெரைரா சொன்னது தோற்றவனின் சமாதானமா, நமக்கும் உரிய கேள்வியா என்பதைக் குழு பேசட்டும். கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் கலந்திருக்கும் குழுவில் 'அருள்' என்பதா 'கிருபை' என்பதா என்பதிலேயே கால் மணி நேரம் போகும். போகட்டும், அதுவும் இதே கேள்விதான்.

நடத்துபவரின் நாக்கு

நம் கூட்டங்களில் எதுவும் சாட்சி சொல்வதில் போய் முடிவது வழக்கம். நாவலைப் பற்றிப் பேசத் தொடங்கியவர் ஐந்தாவது நிமிடத்தில் தம் வாழ்வில் கர்த்தர் செய்த நன்மைக்கு வந்துவிடுவார். அதைக் கேட்ட பிறகு மௌனமான கடவுளைப் பற்றிப் பேச மற்றவர்களுக்குக் கூச்சமாகிவிடும். "நீங்கள் சொன்னது எந்தப் பக்கத்தில் வருகிறது, அண்ணாச்சி?" என்று கேட்பது மரியாதை குறையாமல் திரும்ப அழைத்துவரும் வழி. இதற்கு எதிரான நிலையும் வரும். காட்சி ஒன்று யாருடைய புண்ணையாவது தொட்டு அவர் பேச முடியாமல் போகலாம். அப்போது அவரை விவரம் கேட்கக்கூடாது. தேநீருக்கு ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுக் காட்சிக்கே திரும்புவது நல்லது, கூட்டம் முடிந்த பிறகு போதகரோ பங்குத்தந்தையோ அவரோடு தனியாகப் பேசலாம். கூட்டத்தை நன்றி ஜெபத்தோடு முடிக்கலாம். ஆனால் அந்த ஜெபத்துக்குள் அன்றைய கேள்விக்கான விடையைத் திணிக்கும் பழக்கம் எனக்கே இருந்தது, விடச் சில வாரங்கள் ஆயின.

ஆறாம் வாரம்: ஒரு பக்கம் எழுதுதல்

கடைசி வாரத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு பக்கக் கதை எழுதிவர வேண்டும். கொள்கையிலிருந்து தொடங்கினால் கட்டுரை வரும். ஒரு பொருளிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். எண்டோவுக்கு அந்தப் பலகை இருந்ததுபோல, நம் ஆலய வாசலில் ஜெப விண்ணப்பப் பெட்டி இருக்கிறது. ஒரு பெண் பதினொரு ஆண்டுகளாக ஒரே விண்ணப்பத்தை ஒரே கையெழுத்தில் எழுதிப் போடுகிறாள். பெட்டியைத் திறந்து சீட்டுகளைப் பிரித்துக் கட்டும் கோயில்பிள்ளைக்கு அந்தக் கையெழுத்து அடையாளம் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சீட்டு இல்லை. அவர் என்ன செய்வார் என்பதிலிருந்து எழுதினால், கேட்கப்படாத ஜெபத்தைப் பற்றிய இறையியல் தானாக உள்ளே வந்துவிடும். அவள் மகன் குணமாகிவிட்டான் என்றோ அவள் இறந்துவிட்டாள் என்றோ கடைசி வரியில் எழுதினால் மட்டும் திருப்பிக் கொடுத்து, அந்த வரியை நீக்கி மீண்டும் எழுதச் சொல்லலாம்.

சென்ற முறை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஐந்து வாரமும் கிச்சிஜிரோவைத் திட்டிக்கொண்டே இருந்தார். ஆறாம் வாரம் அவர் எழுதிவந்த பக்கத்தில், ஒருவன் பாவசங்கீர்த்தன வரிசையில் கடைசி ஆளாக நிற்கிறான். முன்னால் நிற்கிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். அவன் முறை வரும்போது பின்னால் யாராவது வந்து நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறான். கதை அங்கேயே நின்றது. அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் கருத்து எதுவும் கேட்காமல், அடுத்து உட்கார்ந்திருந்த அக்காவை வாசிக்கச் சொன்னேன்.